தூக்கத்துக்கும் படிப்புக்கும் வைக்கும் பின்னணி ஒலி பயன் தரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

எங்கள் வீடு புறவழிச்சாலையை ஒட்டி இருக்கிறது. பகலில் வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை பார்க்கிறேன்; இரவில் லாரிகள் ஓயாமல் போகும் சாலைக்கு அருகிலேயே படுத்து உறங்க வேண்டியிருக்கிறது. மின்விசிறியின் சீரான ஓசையைக் கொண்டோ, ஸ்பீக்கரில் ஓடும் மழையொலியைக் கொண்டோ வெளிச்சத்தத்தை மூடி வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக உண்டு. அது நன்றாக அமைந்த பிறகு உறவினர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் அமைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். அங்கெல்லாம் திரும்பத் திரும்ப ஒரே வகையான கோளாறுகளைத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. பயன் தெரியவில்லை என்றதும் எல்லோரும் முதலில் செய்திருந்தது ஒலியைக் கூட்டியதுதான். தூங்குகிறவரை எழுப்புவது பெரும்பாலும் ஒலியின் அளவல்ல, ஒலியில் திடீரென்று நேரும் மாற்றம். ஆகவே ஒலியளவில் கை வைப்பதற்கு முன்பாக, எது மாறுகிறது, எப்போது மாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், செலவு பிடிக்கும் காரணத்தைப் பின்னாலும் வைத்திருக்கிறேன்.

அறிகுறி 1: படுத்ததும் தூக்கம் வருகிறது, ஆனால் நடு இரவில் விழிப்பு வந்துவிடுகிறது

முதலில் மூன்று இரவுகள், விழிப்பு வந்த நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். அந்த நேரங்களே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

*விழிப்பு ஒரே இடைவெளியில் வந்தால்*

என் அக்கா வீட்டில் நடந்தது இது. அவர் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் 12.50, 1.50, 2.50 என்று எழுதி வைத்திருந்தார். தூக்கமின்மைக்கு மருந்து கேட்கப் போவதாக இருந்தவரை ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, அன்றிரவு கூடத்தில் அந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சரியாக ஒரு மணி நேரம் ஆனதும் மழையொலி மெல்லத் தேய்ந்தது. இரண்டு விநாடி முழு அமைதி. பிறகு பதிவின் தொடக்கத்தில் இருந்த இடி முழங்கியது. ஒரு மணி நேரப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்திருந்ததுதான் முழுக் காரணம். அதைப் பகலில் அவர் ஒரு முறைகூட முடிவு வரை கேட்டதில்லை.

உங்கள் பதிவின் கடைசி ஒரு நிமிடத்தையும் முதல் ஒரு நிமிடத்தையும் பகலில் தொடர்ச்சியாகக் கேட்டுப் பாருங்கள். எம்பி3 கோப்புகளில் தொடக்கத்திலும் முடிவிலும் மிகச் சிறிய அமைதித் துண்டு சேர்ந்துவிடுவது வழக்கம் என்பதால், இடியில்லாத பதிவிலும் இணைப்பில் ஒரு வெட்டு கேட்கலாம். எட்டு அல்லது பத்து மணி நேரம் ஓடும் பதிவைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். அல்லது இரைச்சலை அந்தந்தக் கணத்தில் தானே உருவாக்கும் செயலியைப் பயன்படுத்தலாம். ஐபோனில் 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் ‘பேக்ரவுண்ட் சவுண்ட்ஸ்’ என்ற வசதி அமைப்புகளின் அக்ஸெஸிபிலிட்டி பகுதியிலேயே இருக்கிறது. தனிச் செயலி வேண்டியதில்லை. இடி, குயில், தவளை, அலை மோதும் ஓசை கலந்த பதிவுகளைத் தூக்கத்துக்கு நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அவை இனிமையாக இருப்பதற்குக் காரணமே அவை மாறிக்கொண்டிருப்பதுதான்.

*படுத்துக் குறிப்பிட்ட நேரம் கழித்து ஒரே ஒரு முறை விழிப்பு வந்தால்*

டைமர் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒலி சட்டென்று நின்றால், அந்த அமைதியே எழுப்பிவிடும். டைமரை எடுத்துவிடுங்கள், அல்லது கடைசிப் பத்து நிமிடத்தில் ஒலி படிப்படியாகக் குறையும்படி அமைக்க முடிகிறதா என்று பாருங்கள். டைமர் இல்லையென்றால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது ப்ளூடூத் ஸ்பீக்கர். சில ஸ்பீக்கர்கள் மிகவும் தாழ்ந்த ஒலியை ‘ஒலியே இல்லை’ என்று எடுத்துக்கொண்டு மின்சாரத்தைச் சேமிக்கத் தாமாகவே அணைந்துவிடும். வேறு சில, பேட்டரி தீரும் தறுவாயில் உரத்த குரலில் அறிவிப்புச் செய்யும். ஸ்பீக்கரை இரவு முழுவதும் மின்னிணைப்பிலேயே வையுங்கள். தானே அணையும் கோளாறுக்கு, செல்பேசியில் ஒலியைக் கூட்டி ஸ்பீக்கரில் குறைத்து வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

*நேரத்தில் ஒழுங்கே இல்லையென்றால்*

செல்பேசிதான் காரணம் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். குறுஞ்செய்தி ஓசை, இணையக் காணொளியின் நடுவே வரும் விளம்பரம், பேட்டரியைக் காக்கப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும் ஆண்ட்ராய்டின் வழக்கம் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். ஒலியைத் தரவிறக்கி வைத்துவிட்டு விமானப் பயன்முறையில் போடுங்கள். ப்ளூடூத்தை மட்டும் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். முதியோர் உள்ள வீட்டில் அவசர அழைப்பு வர வேண்டும் என்றால், விமானப் பயன்முறைக்குப் பதில் ‘டு நாட் டிஸ்டர்ப்’ வைத்து, குறிப்பிட்ட எண்களை மட்டும் அனுமதியுங்கள். செயலியின் பேட்டரி அமைப்பை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றினால் நடுவில் நிற்பது ஓய்ந்துவிடும். சார்ஜில் இருக்கும் செல்பேசியைத் தலையணைக்கு அடியில் வைக்கவே கூடாது, அது சூடேறும்.

*கரண்ட் போகும்போதெல்லாம் விழிப்பு வந்தால்*

நம் ஊரில் மின்விசிறியே பின்னணி ஒலி என்பதால், மின்சாரம் நின்றால் காற்றும் ஒலியும் ஒருசேர நின்றுவிடுகின்றன. வெக்கை ஏறுவதற்கு முன்பே பலர் விழித்துவிடுவது இதனால்தான். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் விழிப்பு வந்தால், மாறும் கணத்தில் மின்விசிறி வேகம் குறைந்து மீள்கிறதா, அல்லது மாறிய பிறகு ‘ம்ம்’ என்று உறுமுகிறதா என்று கவனியுங்கள். முதலாவதற்கு, இன்வெர்ட்டரின் பின்புறம் யூபிஎஸ் பயன்முறைக்கான சுவிட்ச் இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள். மாற்றம் விரைவாக நடக்கும். இரண்டாவது, சதுர அலை இன்வெர்ட்டரின் இயல்பு. அதற்கு சைன் அலை இன்வெர்ட்டர் வாங்குவது தவிர வேறு வழியில்லை என்பதால், இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம். பழையது தேய்ந்து மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். அதுவரை பேட்டரியில் ஓடும் சிறு ஸ்பீக்கர் ஒன்றை மின்விசிறியோடு சேர்த்து ஓடவிட்டால், கரண்ட் போகும் கணத்தில் ஏற்படும் வெற்றிடம் குறையும்.

அறிகுறி 2: ஒலி ஓடுகிறது, ஆனாலும் வெளிச்சத்தம் கேட்கிறது

*ஸ்பீக்கர் தலைமாட்டில் இருந்தால்*

முதலில் இடத்தை மாற்றுங்கள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தச் சன்னலுக்கும் கட்டிலுக்கும் இடையில், சன்னலுக்கு நெருக்கமாக ஸ்பீக்கர் இருக்க வேண்டும். தலைமாட்டில் வைத்தால் காதுக்கு ஒலி அதிகமாகிறது. சன்னல் பக்கத்துச் சத்தமோ தனியாகப் பிரிந்து கேட்கிறது. இந்த ஒரு மாற்றத்தோடு வேலை முடிந்துபோன வீடுகள் உண்டு.

*பேச்சுக்குரல் மூடுகிறது, லாரியின் உறுமல் மட்டும் கேட்கிறது என்றால்*

செல்பேசியின் சிறிய ஸ்பீக்கரால் அடித்தொனியை எழுப்ப முடியாது. கூட்டினால் கரகரக்குமே தவிர உறுமலை மூடாது. சற்றே பெரிய ஸ்பீக்கரில், அடித்தொனி மிகுந்த ‘பிரவுன்’ இரைச்சலை ஓடவிடுங்கள். வெள்ளை இரைச்சல் வானொலியில் நிலையம் கிடைக்காதபோது கேட்கும் ‘ஷ்ஷ்’ போன்றது. பிங்க் அதைவிடத் தணிந்தது. பிரவுன் தொலைவில் விழும் அருவியின் முழக்கத்தை ஒத்தது. சில இடங்களில் இதைப் ‘பழுப்பு இரைச்சல்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். மெய்ப்புத் திருத்துகிறவன் என்பதால் சொல்லிவிடுகிறேன்: இது நிறத்தின் பெயரன்று, 1827-இல் நீரில் மிதந்த மகரந்தத்தின் நுண்துகள்கள் ஓயாமல் அசைவதைக் கண்ட தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனின் பெயர்.

*எல்லாச் சத்தமும் உள்ளே வருகிறது என்றால்*

ஒலியைக் கூட்டாதீர்கள். படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபலுக்கு மேல் தொடர் ஒலி இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நாம் ஓடவிடும் ஒலியே அதைத் தாண்டுவதுதான் வழக்கம். ஆகவே வெளிச்சத்தத்தைக் குறைப்பது முதல் வேலையாகவும், மீந்ததை மூடுவது இரண்டாவது வேலையாகவும் இருக்க வேண்டும். ஒரு மெத்தையைச் சன்னலோடு சேர்த்து நிறுத்திக் கேளுங்கள். சத்தம் நன்றாகக் குறைந்தால் சன்னல்தான் வழி. கதவு, சன்னல் இடுக்குகளை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒட்டும் ரப்பர் பட்டையால் அடைத்து, கதவடிக்குச் சுருட்டிய பழைய போர்வையை வைத்தால் போதும். காற்று நுழையும் இடுக்கில் எல்லாம் சத்தமும் நுழையும். தடித்த திரைச்சீலை லாரி உறுமலுக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. காற்றோட்டத்துக்குச் சாலைப் பக்கம் இல்லாத சன்னல் ஒன்றைத் திறந்து வையுங்கள்.

மெத்தை வைத்தும் மாற்றமில்லை என்றால் சுவர் வழியாகவோ தரை வழியாகவோ அதிர்வு வருகிறது. அதற்குக் கைவைத்தியம் கிடையாது. அறை மாற்றிப் படுப்பதுதான் மலிவான தீர்வு. சன்னலே காரணம் என்று உறுதியான பிறகு மட்டும், யுபிவிசி சட்டமும் இரட்டைக் கண்ணாடியும் வைப்பவரை அழைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள்.

சத்தம் சாலையிலிருந்து வராமல் ஒலிபெருக்கியிலிருந்து வந்தால் இத்தனை பாடும் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு 45 டெசிபல். விழா நாள்களுக்கென அரசு தனியாகத் தளர்த்தியிருந்தால் ஒழிய, அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. காவல்துறையிடம் சொல்வது உங்கள் உரிமை.

அறிகுறி 3: மின்விசிறியின் ஓசையே தொந்தரவாகிவிட்டது

இந்த ஒன்றுக்குத்தான் என்னை அதிகம் கூப்பிடுகிறார்கள். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. எந்தக் கருவியும் வேண்டாம். மின்விசிறி முழு வேகத்தில் ஓடும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, இறக்கைகள் தாமாகச் சுற்றி நிற்கும் வரை அசையாமல் நின்று கேளுங்கள். அணைத்த கணத்திலேயே ஓசை மறைந்தால் கோளாறு மின்சாரம் சார்ந்தது. இறக்கைகள் சுற்றும் வரை ஓசையும் தொடர்ந்தால் கோளாறு உறுப்புகளில் இருக்கிறது. ரெகுலேட்டரையும் கண்டென்சரையும் மாற்றிக் காசைச் செலவழித்த பிறகு பேரிங்கில் வந்து நின்ற வீடுகளைப் பார்த்திருப்பதால், இந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

*அணைத்ததும் மறைகிறது, குறைந்த வேகத்தில் மட்டும் உறுமல் கேட்கிறது*

மின்னணு ரெகுலேட்டர்தான் காரணம். 5-இல் வைத்தால் உறுமல் ஓய்ந்து, 2-இல் வைத்தால் திரும்புகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். இரவில் எல்லோரும் குறைந்த வேகத்தில் வைப்பதால், பகலில் தெரியாத இந்த உறுமல் இரவில் தெரிகிறது. படிப்படியாக மாறும், கண்டென்சர் வகை ரெகுலேட்டர் ஒன்றை மாட்டினால் போய்விடும்.

*அணைத்ததும் மறைகிறது, எல்லா வேகத்திலும் உறுமல், வேகமும் குறைவு*

கண்டென்சர் வலுவிழந்திருக்கலாம். கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றத் தொடங்குகிறது என்றால் அது ஏறக்குறைய உறுதி. பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவையே (நம் வீட்டு விசிறிகளில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட்) வாங்க வேண்டும். மாற்றுவதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

*அணைத்தும் தொடர்கிறது, சுற்றுக்கு ஒரு ‘டிக்’*

ஓசை சுற்றின் வேகத்தோடு சேர்ந்து தணிந்தால், தளர்ந்த இறக்கைத் திருகோ, தண்டில் நழுவி மோட்டாரைத் தொடும் கிண்ண மூடியோதான் காரணம். மெயினை அணைத்துவிட்டு, மர ஏணியில் ஏறி, மூடியை ஒரு விரல் உயர்த்தி முடுக்குங்கள். இறக்கைகளையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஓர் இறக்கையில் மட்டும் படிந்த தூசிப் படலம் விசிறியை ஆட்டிவிடப் போதும். துடைத்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால், கூரையிலிருந்து ஒவ்வோர் இறக்கை நுனிக்கும் உள்ள தொலைவை ஒரே இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் வேறுபட்டால் அது வளைந்திருக்கிறது.

*அணைத்தும் தொடர்கிறது, உலர்ந்த ‘கரகர’*

பேரிங். எண்ணெய் விடுவது சில நாளைக்குத்தான் தாங்கும். கழற்றிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதே முறை.

*கூரைக் கொக்கியில் கிரீச் என்ற ஓசை*

இதற்குச் சோதனை எதுவும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, அதற்கு அடியில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொண்டு, அன்றைக்கே எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கொக்கியில் மாட்டியிருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம்; போல்ட்டின் ஊசியும் கழன்றிருக்கலாம்.

அறிகுறி 4: ஒலி வைத்தும் படிப்பில் மனம் நிற்கவில்லை

என்ன ஒலி ஓடுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் பாட்டு என்ற பதில் வருகிறது. சொற்கள் உள்ள எதுவும் படிப்புக்கு ஆகாது. புரியாத மொழிப் பாட்டாக இருந்தால் பரவாயில்லை என்று நினைப்பதும் தவறு: கோல், வெல்ஷ் இருவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசுவோர் எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்க முயன்றபோது, பின்னணியில் ஓடிய ஜெர்மன் பேச்சுகூட அவர்களைத் தடுமாறச் செய்தது. நானும் மெய்ப்புப் பார்க்கும்போது பாட்டை விட்டுவிட்டு மேசை விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த பிறகுதான், ஒற்றுப்பிழைகளைத் தவறவிடுவது குறைந்தது.

சொல்லில்லாத ஒலி வைத்தும் நிற்கவில்லையென்றால், ஒரு வாரம் ஒலியோடும் ஒரு வாரம் ஒலியில்லாமலும் ஒரே நேரத்தில், ஒரே பாடத்தைப் படித்துப் பக்கக் கணக்கை ஒப்பிடுங்கள். எல்லோருக்கும் இது பயன் தராது. கவனக்குறைபாடு உள்ள குழந்தைகளின் நினைவாற்றல் வெள்ளை இரைச்சலில் மேம்பட்டதாகவும், மற்றக் குழந்தைகளுடையது குறைந்ததாகவும் ஸ்வீடனைச் சேர்ந்த ஸோடர்லண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007-இல் கண்டார்கள். அமைதியில் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு ஒலியைப் பழக்கி வைக்காதீர்கள். ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டிலும் பள்ளியிலும் பல மாதங்களாகக் கவனம் நிற்கவில்லை என்றால், குழந்தைநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி 5: கைக்குழந்தை ஒலி வைத்தால்தான் தூங்குகிறது, அல்லது வைத்தும் அழுகிறது

பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத 40 குழந்தைகளை வைத்து 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை இரைச்சல் கேட்ட 20 பேரில் 16 பேரும், கேட்காத 20 பேரில் 5 பேரும் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டார்கள். ஆகவே ஒலி உதவுகிறது என்பதில் ஐயமில்லை. அச்சம் அளவைப் பற்றியது. குழந்தைகளுக்கென்றே விற்கப்படும் 14 கருவிகளைச் சோதித்து 2014-இல் வெளியான ஆய்வில், முழு ஒலியளவில் ஓரடித் தொலைவில் மூன்று கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின. அது தொழிற்கூடத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பெரியவர்களே கேட்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கும் அளவு. கருவியைத் தொட்டிலில் கட்டவோ தூளிக்குள் வைக்கவோ கூடாது. குறைந்தது 200 சென்டிமீட்டர், அதாவது ஆறரை அடிக்கு அப்பால், தாழ்ந்த ஒலியில் வையுங்கள்; குழந்தை தூங்கியதும் மெல்லக் குறைத்து நிறுத்துங்கள்.

ஒலி வைத்தும் அழுதால் பசி, ஈரம், வெக்கை, கொசு என்ற வரிசையில் பாருங்கள். உரத்த ஓசைக்குத் திடுக்கிடாத குழந்தைக்குச் செவித்திறன் சோதனை செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

அறிகுறி 6: ஒலியில்லாமல் தூங்கவே முடியவில்லை

இது பெரும்பாலும் பழக்கம்தான். வாரத்துக்கு ஒரு படி என்று குறைத்துக்கொண்டே வந்தால், ஒன்றிரண்டு மாதத்தில் மிகத் தாழ்ந்த ஒலியே போதுமானதாகிவிடும். வெளியூர் போகும்போது அதே பதிவைச் செல்பேசியில் வைத்துக்கொண்டால் போதும். இதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் ஒலி இருந்தும் இல்லாமலும் வாரத்துக்கு மூன்று இரவுகளாவது தூக்கமின்றி மூன்று மாதம் கடந்துவிட்டால், அது ஸ்பீக்கர் சார்ந்த கோளாறன்று. அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரைக்கு முன்பாகவே பரிந்துரைக்கப்படும் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டையை மூடத்தான் ஒலி வைக்கிறீர்கள் என்றால், அந்தக் குறட்டை இடையிடையே மூச்சு நின்று, திணறித் தொடர்கிறதா என்று ஓர் இரவு கவனியுங்கள். அப்படி இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

அறிகுறி 7: காலையில் காது அடைத்தது போலவும், ரீங்காரம் கேட்பது போலவும் இருக்கிறது

இரவில் இயர்போன் மாட்டிக்கொண்டு தூங்கியிருந்தால், அன்றோடு நிறுத்துங்கள். ஸ்பீக்கரில்தான் ஓடுகிறது என்றால், கட்டிலில் படுத்தபடி பக்கத்திலிருப்பவரோடு வழக்கமான குரலில் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் ஒலி மிகுதி. குறைத்த பிறகு இரண்டு நாளில் ரீங்காரம் போய்விட வேண்டும்.

பல ஆண்டுகளாகக் காதில் ரீங்காரம் உள்ள முதியோருக்கு, அமைதியான அறையைவிடத் தாழ்ந்த பின்னணி ஒலி உள்ள அறை இதமாக இருக்கும். ரீங்காரத்தை முழுக்க மூடப் பார்க்காமல், அது லேசாகக் கேட்கும் அளவிலேயே வைக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்கு மின்விசிறி 2-இல் ஓடினால் போதுமானதாக இருக்கிறது.

ரீங்காரம் ஒரு காதில் மட்டும் இருந்தாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, தலைச்சுற்றல் வந்தாலோ, ஒலியை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைய தினமே போக வேண்டும்; அதற்கான சிகிச்சை முதல் சில நாள்களில் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும்.